ஏழு விடைத்தாளில் ஒரே சூரியன்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் விட்டுவந்தபோது காட்ஸ்வே அட்ஸ்ராக்குவின் வலது கையில் வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்த அக்ப்ளே களி உருண்டை இருந்தது. இடது கையில் ஃபோன். ஃபோனில் மகள் யாய்ரா படிக்கும் மேல்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை மேடம் பெர்பெச்சுவா.

“காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டுப் போங்க” என்றார் மேடம். எதற்கு என்று சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

எதற்கு என்று காட்ஸ்வேக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அவரே முடிவு பண்ணிவிட்டார். ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுகிறார்கள்.

அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. ஹோஹோய் ஊரில் ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலெல்லாம் காட்ஸ்வே இருப்பார். சாவு வீடு, கல்யாணம், தேவாலயத்தில் அறுவடைத் திருநாள், எதுவானாலும் சரி. அவர் தொண்டையைச் செருமினால் லாரி நிலையத்தில் வண்டிகள் தாமாக எஞ்சினை அணைத்துக்கொள்ளும். அவர் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் பந்தலில் இருப்பவர்கள் ஜொலோஃப் சோறு சாப்பிட்டு, கை கழுவி, பாதிப்பேர் வீட்டுக்கே போயிருப்பார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் கிராமர், அதாவது இலக்கணம்.

“கறுப்புக் கோட்டை எடு, எனியோனம். சிவப்பு டையும்.”

மனைவி எனியோனம் முற்றத்தில் அபொலோ என்னும் சோளமாவு அப்பம் வேகவைத்துக்கொண்டிருந்தாள். லாரி நிலையத்துக்கு வருகிறவர்கள் அவள் கடையில் அபொலோவும் பொரித்த மீனும் வாங்காமல் வண்டி ஏறமாட்டார்கள். ஆவிக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தாள்.

“அது சாவுக் கோட்டு.”

“விழாவுக்கும் அதான்.”

“விழாவுக்குக் கூப்பிடுற குரலா அது? உங்க ஃபோன்ல பேசினா பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குது. நானும் கேட்டேன். செத்தவங்க வீட்டுல சொல்லியனுப்புற குரல் மாதிரி இருந்துச்சு.”

“உனக்கு இங்கிலீஷ் புரியாது. மேடம் மரியாதையைச் சுருக்கமாச் சொல்றவங்க.”

“அவங்க பேசினது நம்ம எவே பாஷையில.”

காட்ஸ்வே பதில் சொல்லாமல் டையை முடிந்தார். பதில் இல்லாத இடத்தில் டை முடிவது அவர் வழக்கம்.

“யாய்ரா அப்பா” என்றாள் எனியோனம், கொஞ்சம் தணிந்த குரலில். “அந்த மாமரத்தடி சமாச்சாரமா இருக்குமோ?”

“அதுவாத்தான் இருக்கும். பிள்ளைங்க வெளுத்து வாங்கியிருப்பாங்க. அதுக்குத்தான் எனக்கு மாலை.”

மாமரத்தடி சமாச்சாரம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வாய் சொல்லிவிடலாம். யாய்ராவுக்கு இது கடைசி வருஷம். நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதும் இறுதித் தேர்வு வருகிறது. மற்றப் பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் கட்டுரைக் கேள்விதான் கண்டம். அதில் தவறினால் நர்சிங் கல்லூரியை வாசலில் நின்றுகூடப் பார்க்க முடியாது.

எனவே விடுமுறையில் காட்ஸ்வே ஒரு கட்டுரை எழுதினார். சாதாரணக் கட்டுரை இல்லை. கேள்வி எதுவானாலும் பதில் அது ஒன்றே. கடிதம், கதை, பட்டிமன்றப் பேச்சு, பத்திரிகைக்குக் கட்டுரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். நடுவில் சில இடங்களில் கோடு போட்டு விட்டிருந்தார். அங்கே தலைப்பைப் போட்டுக்கொண்டால் போதும்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் முறைக்கு மென்று கொட்டுவது என்று பெயர். வீட்டில் மெல்ல வேண்டும், தேர்வு அறையில் கொட்ட வேண்டும். யாய்ராவும் அந்த வட்டாரத்தில் இன்னும் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமரத்தடியில் உட்கார்ந்து மென்றார்கள். அவர்கள் மென்ற சத்தத்தில் மரத்திலிருந்த காய்கள் பழுத்தன.

இப்போது மாதிரித் தேர்வு முடிந்திருந்தது. மேடத்தின் ஃபோனும் வந்திருந்தது.

*

பள்ளியின் கூட்ட அறைக்குள் காட்ஸ்வே நுழைந்தபோது மேடை இல்லை, மாலை இல்லை. ஒரு நீள பெஞ்சில் பெற்றோர் சிலர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவரோரமாக ஏழு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக நின்றவள் யாய்ரா. பள்ளி நூலகத்தின் தலைவி என்ற வில்லை அவள் சட்டையில் இல்லை. கழற்றி வாங்கியிருந்தார்கள்.

வழியெல்லாம் அடித்த புழுதிக்காற்றில் காட்ஸ்வேயின் கறுப்புச் சப்பாத்து செம்மண் நிறமாகியிருந்தது. அதைக் கால்சட்டையில் துடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார்.

“எஃபோ காட்ஸ்வே, வாங்க” என்றார் மேடம் பெர்பெச்சுவா. அண்ணன் முறை வைத்துத்தான் அவரை ஊரே கூப்பிடும். “உட்காருங்க. நீங்க வந்ததுல எனக்கு ஒரு பலம்.”

பெஞ்சில் இடம் விட்டது டாவி மெர்சி, ஊருக்கே அக்கா முறை. சந்தையில் பழைய துணி விற்கிறவள், ஏழு பேரில் ஒருவனான கரேஜின் தாய். “எஃபோ, நீங்களே வந்துட்டீங்களா! இனி பயமில்ல. இவர்கிட்டதான், மேடம், என் பையன் ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் இலக்கணம் படிச்சான். இவரு நிழல் பட்டாலே போதும், குப்பை ஒதுங்கிப்போயிடும்.”

மேடம் மேசையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்தார்.

“மாதிரித் தேர்வுல ஒரு கேள்வி. உங்க பகுதியில சாக்கடை அடைச்சுக்கிட்டு நாறுது, மாவட்ட மன்றத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுங்கன்னு. கரேஜ் எழுதியிருக்கான். கேளுங்க.”

அவர் படித்தார். மூலம் இங்கிலீஷ். தமிழில் இவ்வளவுதான் பெருக்கிக் காட்ட முடியும்:

“கதிரவன் தன் பொற்கிரணங்களைக் கீழ்வானில் கம்பீரமாகப் பரப்பிய அம்மகோன்னதப் புலர்காலைப் பொழுதில், எழுதுகோலை ஏந்துவதில் எல்லையற்ற பேரானந்தம் எய்துகிறேன். சாக்கடை என்பது மானிட குலத்தின் முதுகெலும்பு. சாக்கடை இல்லையேல் இந்நானிலம் நாதியற்றுத் தவிக்கும்.”

பெஞ்சின் கோடியில் ஒரு தகப்பன், “அது ஒரு விதத்துல சரிதானே?” என்று முணுமுணுத்தார். அவர் மனைவி இடித்தாள்.

“அடுத்தது. சாலை விபத்தைப் பத்திப் பள்ளிப் பத்திரிகைக்குக் கட்டுரை.” மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “கதிரவன் தன் பொற்கிரணங்களை... அதே சூரியன், அதே பேரானந்தம். சாலை விபத்து என்பது மானிட குலத்தின் முதுகெலும்பு. சாலை விபத்து இல்லையேல் இந்நானிலம் நாதியற்றுத் தவிக்கும்.”

“அய்யய்யோ” என்றாள் டாவி மெர்சி.

“இது ப்ளெஸ்ஸோட தாள். இவன் இன்னும் ஒரு படி மேல.” மேடத்தின் குரலில் சிரிப்பே இல்லை. “இவ்விடத்தில் தலைப்பை இட்டுக்கொள்க என்பது மானிட குலத்தின் முதுகெலும்பு. இவ்விடத்தில் தலைப்பை இட்டுக்கொள்க இல்லையேல் இந்நானிலம் நாதியற்றுத் தவிக்கும்.”

ப்ளெஸ் என்ற அந்த ஒல்லிப் பையன் தன் சப்பாத்தை உற்றுப் பார்த்தான். அவன் தலைப்புக்கு விட்ட கோட்டையும் மென்றிருந்தான், அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த குறிப்பையும் மென்றிருந்தான். எதையும் மிச்சம் வைக்காத பிள்ளை.

“ஏழு தாள். ஏழுலயும் ஒரே சூரியன் உதிக்குது” என்றார் மேடம். “யாரோ பதிலை அச்சடிச்சு வித்திருக்கான். பதிலை விக்கிறவன் கையில கேள்வியும் இருந்திருக்கணும். தாள் வெளிய போயிருக்குன்னு தலைமையாசிரியர் நினைக்கிறார். இவங்களைக் கேட்டுக் கேட்டு என் தொண்டை வத்திப்போச்சு. ஒருத்தர் வாயும் திறக்கல. இன்னிக்குள்ள சொல்லலைன்னா ஏழு பேரோட பேரும் இறுதித் தேர்வுல இருக்காது. அவர் முடிவா சொல்லிட்டார்.”

காட்ஸ்வேயின் கழுத்தில் டை தானாக இறுகியது.

தப்பு நடந்திருக்கிறது என்பதல்ல அவரை அடித்தது. அந்த வாக்கியங்களை அவர் எத்தனை நாள் செதுக்கியிருந்தார்! ‘நானிலம்’ என்று போடுவதா ‘அவனி’ என்று போடுவதா என்று யோசித்து ஒரு வேளைச் சோற்றையே மறந்திருந்தார். அதை இன்னொருவர் வாயால், கூடியிருக்கும் சபையில், அழுக்குத் துணியைக் குச்சியால் தூக்கிக் காட்டுவதுபோல் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க அவருக்கே தெரிந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

“எஃபோ” மேடம் அந்தத் தாள்களை அவர் மடியில் வைத்தார். “இந்த ஊர்ல இங்கிலீஷை உங்களைவிடக் கரைச்சுக் குடிச்சவங்க இல்ல. எங்கம்மா சாவுக்கு நீங்க படிச்ச இரங்கலுரையில கல்லுகூட அழுதுச்சு. இதைப் பாருங்க. இதை எழுதினவன் எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்களே சொல்லுங்க.”

அறை அவர் பக்கம் திரும்பியது.

அவர் தாளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு பல்லி இருந்தது, அதுவும் அவரைத்தான் பார்த்தது. கண்ணை வைக்க வேறு இடமில்லாமல் சுவரோரம் திரும்பினார். அங்கே யாய்ரா நேராக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“எழுத்தறிவில்லாத பயல். கல்வியைக் கடைச்சரக்கா விக்கிற கயவன்.”

“அப்படிச் சொல்லுங்க!” டாவி மெர்சி கைதட்டினாள்.

யாய்ரா தலையைக் குனிந்துகொண்டாள். தப்புச் செய்த பிள்ளை குனிவதுபோல் இல்லை. தெருவில் தெரிந்தவர் ஒருவர் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்த்தவர், பார்க்காததுபோல் குனிவாரே, அப்படிக் குனிந்தாள்.

*

“சரி” என்றார் மேடம். “எஃபோவே சொல்லிட்டார். இனி என் கையில ஒண்ணுமில்ல.”

அவர் பேனாவை எடுத்ததும் டாவி மெர்சி பெஞ்சிலிருந்து எழுந்து நேரே மகனிடம் போனாள். அவள் கை கரேஜின் முதுகில் விழுந்த சத்தம் டோகோ எல்லையைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

“யாருடா குடுத்தா? சொல்லித் தொலைடா! பழந்துணி மூட்டையைத் தலையில சுமந்து உன்னைப் படிக்கவெச்சேனே, அதுக்கா இது? வாயில என்ன, கென்கே உருண்டையை அடைச்சு வெச்சிருக்கியா?”

கரேஜ் ஆறடி உயரம். கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். தேம்பித் தேம்பி அழுதான். அழுதுகொண்டே பக்கத்தில் பார்த்தான். அவன் பார்த்தது யாய்ராவை.

யாய்ரா தலையை அசைத்தாள். கொசுவை ஓட்டுவதுபோல, அவ்வளவு சிறிதாக. வேண்டாம்.

கரேஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “எனக்குத் தெரியாதும்மா” என்றான். ப்ளெஸ்ஸும், “தெரியாது” என்றான். மற்றவர்களும் வரிசையாக.

காட்ஸ்வே அதைப் பார்த்துவிட்டார்.

ஏழு பிள்ளைகள். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் ஏழு பேரும் வெளியே வந்துவிடலாம். அவர் மகள் வேண்டாம் என்கிறாள், மற்ற ஆறு பேரும் அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவரோ சாவுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ‘கயவன்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்தார். கால் எழுந்தது, குரல் எழவில்லை. தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் செருமலில் யாரும் திரும்பவில்லை.

“மேடம். அதை எழுதினது நான்தான்.”

பிறகு நடந்ததைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை.

“அய்யோ, எஃபோ!” டாவி மெர்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர். “எங்க பிள்ளைங்களுக்காக நீங்க பழியைத் தலையில போட்டுக்கிறீங்களே! இப்படி ஒரு மனசா!”

“இல்ல டாவி, நெஜமாவே நான்தான்...”

“பாருங்க, பாருங்க!” கோடியில் இருந்த தகப்பன் எழுந்து தொப்பியைக் கழற்றினார். “பெத்த பொண்ணுக்காக மானத்தையே குடுக்கிறார். இவருல்லவா மனுஷன்!”

“நான் எழுதினேன்யா! மாமரத்தடியில உட்கார வெச்சு நானே மெல்லக் கொடுத்தேன்!”

“என்ன அடக்கம்!” என்றாள் இன்னொரு தாய்.

அவர் கத்தக் கத்த அவர் பெருமை ஏறிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு தடவை ஒப்புக்கொண்டிருந்தால் லாரி நிலையத்தில் சிலையே வைத்திருப்பார்கள். பொய் சொன்னபோது நம்பினார்கள், உண்மையைச் சொன்னபோது புகழ்ந்தார்கள். எதைவிட எது கூசுகிறது என்று காட்ஸ்வேக்குத் தெரியவில்லை.

மேடம் மட்டும் புகழவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“எஃபோ, உங்க பெரிய மனசு எனக்குப் புரியுது. ஆனா தலைமையாசிரியர்கிட்ட நான் மனசைக் காட்ட முடியாது. உங்க இங்கிலீஷ் எங்க, இந்தக் குப்பை எங்க? எழுதினது நீங்கதான்னா உட்கார்ந்து ஒண்ணு எழுதிக் காட்டுங்க. இப்பவே.”

மேசைக்கடியிலிருந்து பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்றை இழுத்து, நடுவில் ஒரு தாளை உருவினார்.

“இதோ. தாயைப் பறிகொடுத்த நண்பருக்கு ஆறுதல் கடிதம் எழுதுக.”

*

பிள்ளைகள் உட்காரும் மேசையில்தான் உட்கார வைத்தார்கள். அதற்குள் நுழையக் காட்ஸ்வே கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. முழங்கால் மேசைப் பலகையில் இடித்தது. எதிரே ஏழு பிள்ளைகள். பின்னால் பெற்றோர். மேடம் மேற்பார்வைக்காரர் நடப்பதுபோல் நடந்தார்.

சாவுக் கடிதம்! அவருக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? இந்த வட்டாரத்தில் அவர் ஒலிபெருக்கியில் பேசாமல் மண்ணுக்குள் போன ஆள் இல்லை. இருந்தாலும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இன்று அந்தச் சூரியனை விட்டுவிடலாம். நல்லதாக, எளிதாக, மனதிலிருந்து நாலு வரி எழுதிவிடலாம். எழுதினவன் மடையன் இல்லை என்றாவது யாய்ரா பார்க்கட்டும்.

‘அன்புள்ள நண்பனுக்கு’ என்று எழுதினார்.

அடுத்த வரிக்கு மனதுக்குள் கையை விட்டார்.

உள்ளே ஒன்றுமில்லை.

துழாவினார். பெரிய வீடு, பெரிய கதவு, உள்ளே போனால் ஒரே ஒரு நாற்காலி என்பதுபோல இருந்தது. அந்த நாற்காலியில் சூரியன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு வாக்கியம் எதுவும் வரவில்லை. ‘உன் அம்மா’ என்று ஆரம்பித்தார், அடித்தார். ‘எனக்கு வருத்தம்’ என்று எழுதினார். அது அவருக்கே குழந்தை எழுதினதுபோல் இருந்தது, அதையும் அடித்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. சுவர் ஓரத்தில் யாரோ பையன் இருமினான். பிறகு பேனா அவரைக் கேட்காமலே ஓடத் தொடங்கியது. தன் வழி தெரிந்த கழுதைபோல், நேரே பழைய கொட்டகைக்கு.

முடித்துக் கொடுத்தார்.

மேடம் சத்தமாகப் படித்தார். “கதிரவன் தன் பொற்கிரணங்களைக் கீழ்வானில் கம்பீரமாகப் பரப்பிய...”

ப்ளெஸ் களுக்கென்று சிரித்தான். கரேஜுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பெஞ்சில் ஒருவரும் புகழவில்லை. தொப்பியைக் கழற்றினவர் மெதுவாக அதைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“...எழுதுகோலை ஏந்துவதில் எல்லையற்ற பேரானந்தம் எய்துகிறேன். தாய் என்பவள் மானிட குலத்தின் முதுகெலும்பு. தாய் இல்லையேல் இந்நானிலம்...”

மேடம் நிறுத்திவிட்டார்.

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் தடவை வாய்க்குள்ளேயே படித்தார். உதடு அசைந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்கள்.

“இது எங்கம்மாவுக்கு நீங்க படிச்சது” என்றார்.

காட்ஸ்வே மேசைப் பலகையைப் பார்த்தார்.

“சவப்பெட்டி பக்கத்துல நின்னு ஒலிவாங்கியை ஏந்துவதில் பேரானந்தம்னு சொன்னீங்க. நான் அழுதுக்கிட்டே இருந்தேன், உங்க குரல் மட்டும்தான் காதுல விழுந்துச்சு. எங்கம்மா பேரு டெலா. இதுல எங்க இருக்கு அந்தப் பேரு? கோடு போட்ட இடத்துலதானே?”

திட்டியிருந்தால் தேவலை. எதிர்த்துப் பேசியிருக்கலாம். மேடம் தாளை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தார். காட்ஸ்வே மேசையிலிருந்து எழ முயன்றார். முழங்கால் மாட்டிக்கொண்டது. கரேஜ் வந்து மேசையைத் தூக்கிப் பிடித்து அவரை வெளியே விட்டான்.

“மன்னிச்சிடுங்க, மேடம்” என்றார். எவே பாஷையில், மூன்றே சொல்லில். அவர் அன்றைக்குப் பேசினதில் அதற்கு மட்டும்தான் அர்த்தம் இருந்தது.

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். மறுபடி ஆசிரியை ஆகிவிட்டார்.

“தாள் வெளிய போகல. அதுவரைக்கும் எனக்கு நிம்மதி. தலைமையாசிரியர்கிட்ட நான் பேசிக்கிறேன். பிள்ளைங்களா, உங்க ஏழு பேரோட பேரும் தேர்வுல இருக்கும்.”

டாவி மெர்சி, “ஆண்டவரே!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இருங்க. சும்மா விடப்போறதில்ல. திங்கக்கிழமை ஏழு பேரும் இந்த அறையில உட்கார்ந்து கட்டுரையை மறுபடி எழுதணும். கேள்வியை இப்பவே சொல்லிடறேன். யாரும் திருட வேண்டாம், விக்க வேண்டாம்.” அவர் காட்ஸ்வேயைப் பார்க்காமலே சொன்னார். “இன்னிக்கு இந்த அறைக்குள்ள உங்க கண்ணால பார்த்ததை எழுதுங்க. அவ்வளவுதான். ஏழு பேரும் ஏழு விதமாப் பார்த்திருப்பீங்க. சூரியன் உதிச்சா முட்டை மதிப்பெண்.”

காட்ஸ்வேக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல்வரை சூடேறியது. திங்கட்கிழமை ஏழு பேனாக்கள் எழுதப்போவது அவரைத்தான். கோட்டைக் கழற்றினதை ஒருத்தன் எழுதுவான். முழங்கால் மாட்டினதை ஒருத்தன். இவ்வளவு நாளும் ஊருக்கே இரங்கலுரை எழுதினவருக்கு, உயிரோடு இருக்கும்போதே ஏழு இரங்கலுரை.

*

வெளியே வேப்பமரத்தடியில் யாய்ரா காத்திருந்தாள். வகுப்புக்குப் போகுமுன் அப்பாவிடம் பேசிக்கொள்ள மேடம் விட்டிருந்தார்.

காட்ஸ்வே கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு வந்தார். டை பாக்கெட்டுக்குள் போயிருந்தது. பெற்றோர் தலையைக் குனிந்தபடி வாசலைக் கடந்து போனார்கள். டாவி மெர்சி மட்டும் நின்று, “எஃபோ, போயிட்டு வரேன்” என்றாள், பழகின வாய்க்கு மரியாதை தானாக வந்துவிட்டதுபோல. பிறகு நினைவு வந்தவளாக வேகமாக நடந்தாள். அவள் கால் சந்தையைச் சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிடும். எனியோனத்தின் கடையில் மீன் வாங்குகிறவர்கள் இப்போதே விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

“நீ ஏம்மா சொல்லல?” என்று கேட்டார்.

“சொன்னா இப்படித்தான் ஆகும்னு தெரியும்.”

“உன் பேரை அடிச்சிருப்பாங்களே.”

“ம்.”

“அந்தக் கட்டுரை... நல்லால்ல, இல்லியா?”

யாய்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “மாமரத்தடியிலேயே தெரியும்பா. ‘பேரானந்தம்’ வர்ற இடத்துல நீங்க கண்ணை மூடிக்குவீங்க. அதைப் பார்க்கிறதுக்காகவே எல்லாரும் வந்தோம். எழுதினது நீங்கன்னு எனக்கு வெட்கமே இல்ல.”

“அப்புறம் ஏன் தலையைக் குனிஞ்சே?”

அவள் காலால் ஒரு வேப்பங்கொட்டையை உருட்டினாள்.

“எழுத்தறிவில்லாத பயல்னு சொன்னீங்களே, அப்போ என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னீங்கப்பா.”

அவருக்குக் கண்ணை வைக்க இங்கேயும் இடம் கிடைக்கவில்லை. இங்கே பல்லிகூட இல்லை.

“அதான் யோசிக்கிறேன்” என்றாள் யாய்ரா. “திங்கக்கிழமை எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு. நான்தான்னு நீங்க எழுந்து நின்னதுல இருந்து எழுதினா அது ஒரு கதை. நல்ல கதை. படிக்கிறவங்களுக்கு உங்களைப் பிடிச்சிடும். அதுக்கு முன்னாடி சொன்னதுல இருந்து ஆரம்பிச்சா அது வேற கதை.” நிமிர்ந்து பார்த்தாள். “மத்தவங்களுக்குத் தெரியாதுப்பா. நீங்க என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுதினாத்தான் அது இருக்கும்.”

காட்ஸ்வே கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

நடந்ததை நடந்தபடி எழுதும்மா என்று சொல்லிவிட வேண்டும். நல்ல தகப்பன் அதைத்தான் சொல்வான். சின்ன வாக்கியம், யாரும் சொல்லலாம். அதைச் சொல்லத்தான் அவர் வாய் திறந்தார். திறந்த வாய்க்குள் வேறொரு வாக்கியமும் வந்து முண்டிக்கொண்டு நின்றது. அதை மட்டும் விட்டுடேன், யாய்ரா.

“அந்த முதல்ல சொன்னதை...” என்று ஆரம்பித்தார்.

வகுப்பு மணி அடித்தது. பழைய லாரிச் சக்கர இரும்பில் சுத்தியலால் அடிக்கிற மணி. அடித்து முடிய நேரமாகும்.

யாய்ரா போகவில்லை. மணி ஓயும்வரை நின்றாள்.

“முதல்ல சொன்னதை?” என்றாள்.